மூன்று நிமிடம்

ஹோம் தியேட்டர் மாட்ட வந்த தமீம், ரூபவதி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவள் காது உயரத்துக்கு ஒரு சின்ன மைக்கை நிறுத்தினான். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலியெழுப்பி, அந்த மைக் வழியாகக் கேட்டு, அறையை அளந்துகொள்ளுமாம். "மூணு நிமிஷம் வீட்ல சத்தமே இருக்கக் கூடாதுக்கா," என்றான். அவள் மின்விசிறியை நிறுத்தினாள். பிரிட்ஜையும் நிறுத்தினாள். அப்போதும் டிவி திரையில் 'சத்தம் அதிகம்' என்றே வந்தது. தமீம் நடைப் பக்கம் பார்த்தான்.

அங்கே ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் நீண்ட குழாய் கதவிடுக்கு வழியாக உள்ளறைக்கு, படுத்திருக்கும் அவள் கணவனிடம் போனது. இரண்டு வருஷமாக இரவும் பகலும் இதே உறுமல். அது காதில் விழாமலிருக்கத்தான் இந்த ஸ்பீக்கர்களையே வாங்கினாள். அவனிடம் அப்படிச் சொன்னதில்லை.

"நிறுத்திக்க ரூபா," என்று உள்ளிருந்து அவனே சொன்னான். "மூணு நிமிஷந்தானே, தாங்குவேன்."

நிறுத்தினாள். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் கூவி ஓய்ந்தன.

"முடிஞ்சுதுக்கா, எல்லாத்தையும் போட்டுக்கலாம்," என்று தமீம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான்.

அவள் நடைக்குப் போய் சுவிட்சில் விரலை வைத்தாள். கூடத்துக் கடிகாரம் ஓடுவது கேட்டது. அதற்குச் சத்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

"முடிஞ்சுதா ரூபா?" மூச்சு வாங்கியது அவனுக்கு.

"இன்னும் இல்லீங்க," என்றாள்.