ஏற்றுக்கூலி இலவசம்

"இந்தக் கட்டில்ல மனுஷன் படுப்பானாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள் அவள். கட்டில் கிரீச்சென்றது. கேட்டீங்களா என்பதுபோல் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள்.

பழைய சாமான் வியாபாரத்தில் இருபது வருஷம் ஊறியவர் அவர். அசருவாரா? "சத்தம் போடுற கட்டில்தாம்மா கெட்டி. கட்டில், பீரோ, மேஜை மூணும் ஒரே வீட்டுச் சாமான். மொத்தமா பன்னிரண்டாயிரம்."

அவள் கைப்பையில் இருந்ததோ எட்டாயிரம். மிச்சத்தையெல்லாம் புது வீட்டு முன்பணம் முழுங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் இந்த மூன்றும் வீடு போய்ச் சேராவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு வெறுந்தரையில்தான் படுக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, ஒரு வழுக்கைத் தலைக்காரர் பீரோவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்ஸ் வேறு பாதி வெளியே வந்துவிட்டது.

"சார், எதுக்கும் அடிப்பக்கம் லேசா ஒரு உதை விட்டுப் பாருங்க" என்றாள்.

அவர் உதைத்தார். பூட்டியிருந்த கதவு ஆவென்று திறந்துகொண்டது. பர்ஸை உள்ளே தள்ளிக்கொண்டு மனுஷர் நடையைக் கட்டினார்.

கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நானே என் கையால பூட்டினேன். உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுண்ணே. எல்லாம் பட்ட அனுபவம்தான். சரி, ஆறாயிரம்."

"ஆறா? நேத்துதான் நாலாம் மாடியில இருந்து இறக்கினோம். லிஃப்ட் கிடையாது. என் ஆளுங்க முதுகு விட்டுப்போச்சும்மா!"

"அடப்பாவமே!" என்று மனசார உச்சுக் கொட்டினாள்.

"ஆனா அந்த வீட்டு மனுஷன் தங்கம். நான் சொன்ன விலைக்கு மறுபேச்சே இல்லாம தலையாட்டிட்டார்."

"அந்த மாதிரி ஆளுங்களைக் கட்டிக்கிட்டவ பாடு திண்டாட்டம்தான்" என்றாள் அவள். "ஏழு."

இழுபறி அரைமணி நேரம் நடந்தது. மேஜையின் கால் ஆடுகிறது என்றாள், கட்டிலின் நிறம் கண்ணை உறுத்துகிறது என்றாள். கடைசியில் எட்டில் வந்து நின்றது.

"மூணாம் மாடி வரைக்கும் ஏத்தி, கட்டிலைப் பூட்டிக் கொடுத்துடணும்" என்றாள்.

"ஏத்துக்கூலி தனிம்மா."

"அப்ப வேணவே வேணாம்." விடுவிடுவென்று வாசல்வரை போய்விட்டாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வாசற்படியில் மட்டும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

"வாங்கம்மா, வாங்க! கூலி வேணாம், என் தலையெழுத்து!" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே? அவர்கிட்டயாவது நாலு காசு பார்த்திருப்பேன்."

"கூப்பிட்டேண்ணே. இந்தக் கடைப்பக்கமே வரமாட்டேன்னு ஒரே அடம்."

மூன்று சாமானும் நான்கு ஆட்களுமாக லாரி கிளம்பியது. அது முக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து, அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நேத்து நீங்க அஞ்சுக்கு வித்ததை எட்டுக்குத் திருப்பி வாங்கிட்டேன். இதையே பழைய வீட்லயிருந்து புது வீட்டுக்கு மாத்த மட்டும் அந்த லாரிக்காரர் பதினைஞ்சாயிரம் கேட்டாரே, நமக்கு மூவாயிரத்தோட முடிஞ்சுது!"

"அடி கெட்டிக்காரி! நான் வாசல்ல நின்னு இறக்கிக்கட்டுமா?"

"ஐயய்யோ, வர்றது நேத்து வந்த அதே ஆளுங்க! அவங்க போற வரைக்கும் மொட்டை மாடியில ஒளிஞ்சுக்குங்க!"