பழைய முகவரி

பறவைகள் பற்றிய அந்த மின்னிதழ் வேறு பதிப்பகத்துக்குக் கை மாறிவிட்டது. எங்கள் நூலகத்துக்கு இதொன்றும் புதிதில்லை. இதழ் வீடு மாறினால், பட்டியலில் புது இணைய முகவரியைப் போடுவேன். பழையதைத் திறந்து பார்த்து, ‘பக்கம் இல்லை’ என்று வந்ததும் நீக்கிவிடுவேன்.

இந்தப் பழைய முகவரி திறந்துகொண்டது. புதுப் பதிப்பகத்திடம் இல்லாத இதழ் ஒன்று அங்கே இருந்தது, இந்த மாதத் தேதியோடு.

“ஏதாவது குப்பையா இருக்கும். எடுத்துடும்மா, படிக்க வர்றவங்க குழம்பிடுவாங்க” என்றார் தலைமை நூலகர், நான் விஷயத்தைச் சொன்னதும், பக்கத்து அறையிலிருந்து.

“சரி சார்.”

முதல் கட்டுரை அக்காவுடையது. குருவிக் கூடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள், கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன வருடம் போய்ச் சேர்ந்தாள். சின்ன வயதில் நான் படித்துக்கொண்டிருந்தால், பூனை மாதிரி வந்து பின்னால் நிற்பாள். நான் திரும்பியதும் ஓடிவிடுவாள். அதுதான் ஆட்டம்.

கட்டுரை முழுசாக இருந்தது. கடைசியில் ஒரு படம். எங்கள் நூலக ஜன்னலின் மேல்விளிம்பில் ஒரு கூடு. நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாள் கண்ணில் படாத கூடு அங்கேதான் இருந்தது.

மறுபடி படத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே, கணினி முன்னால், முதுகு காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் இன்றுதான் முதல்முறை போட்டிருக்கும் பச்சைச் சட்டை. நிமிர்ந்து கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துட்டியாம்மா?”

“இன்னும் இல்ல சார்” என்றேன், திரும்பாமல்.