வரிக்கு முன்னால் ஒரு குறி

“தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுங்க சார்.” மேலதிகாரியிடம் எதையும் எழுத்தில் கேட்டுவிடாதே என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னதைத்தான் அவள் கேட்கிறாள். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் திரையில் பச்சைப் புள்ளிகள் இல்லை. அவற்றை வரைய வேண்டிய ஸ்கிரிப்ட் ஓடாமல், அதன் நிரல் எழுத்துகளே கொட்டிக் கிடக்கின்றன. மூன்று நாளாகப் பழி அவள் தலைமேல் இருக்கிறது. சர்வரின் அமைப்புக் கோப்பில் ஸ்கிரிப்டை ஓடவைக்கும் வரிக்கு முன்னால் ஒரு # போட்டு முடக்கியது எதிரே இருக்கும் இந்த மேலாளரின் லாகின் என்று, யார் எதைத் தொட்டார்கள் என்று குறித்துவைக்கும் சர்வரின் லாக் சொல்கிறது. அவர் விரல் கோப்பையின் விளிம்பைச் சுற்றுகிறது. “உங்க வீட்டுல முதல் டிகிரி நீதானே? அதான் இவ்ளோ சூடு. சரி பண்ணிட்டுப் போம்மா.” அவள் குறியை அழித்து சர்வரை மறுபடி கிளப்புகிறாள். அவர் மூக்குக்கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. “பாத்தியா, இவ்ளோதான்.” காலையிலேயே எழுதி மடித்த ராஜினாமாவை விசைப்பலகைமேல் வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றியபடி அவள் வாசலைப் பார்த்து நடக்கிறாள்.