பாஞ்சாலியின் கோடு

1963ஆம் ஆண்டில், மனவியல் பட்டத்துக்காகத் திண்டிவனத்தில் நாற்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது சொற்களை ஒருமுறை வாசித்துக்காட்டினேன். வெள்ளிதோறும் நினைவிருப்பவற்றை எழுதச்சொல்லி, எண்ணிக்கையை வரைபடத்தாளில் புள்ளியாக வைத்தேன். எல்லார் கோடும் இறங்கியது. பாஞ்சாலியின் கோடு மட்டும் ஏறி, நான்காம் வாரம் இருபத்தொன்றைத் தொட்டது.

"மறதிக் கோடு ஏறாதும்மா. அந்தப் புள்ளிய அழிச்சிட்டு வா, இல்லன்னா கையெழுத்து போடமாட்டேன்," என்றார் விழுப்புரத்தில் என் பேராசிரியர்.

திண்டிவனம் திரும்பிப் பார்த்தேன். பாஞ்சாலியின் தாளில் கூடுதலாக இருந்த சொல் 'தேன்மொழி'. பெயர் சூட்டுமுன்பே காய்ச்சலில் இறந்த என் மகளுக்கு, யாரிடமும் சொல்லாமல் நான் வைத்திருந்த பெயர்.

"இத யாரு சொன்னது?"

"நீங்கதான் டீச்சர், கடைசியா படிச்சீங்க. மறந்துட்டீங்களா?" வகுப்பே சிரித்தது.

வாசித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை, அப்படியே கொண்டுபோனேன். பேராசிரியர் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார்.

"தேன்மொழிக்கு ஜுரம் விட்டுச்சாம்மா?" என்றார்.