கதவுக்கு அந்தப் பக்கம்

பரீட்சை முடிவு வந்த அன்று மகன் தாழிட்ட கதவு இன்னும் திறக்கவில்லை. வீடியோ அழைப்பிலிருந்த செல்போனைக் கதவடி இடுக்கு வழியே உள்ளே தள்ளினாள் ருக்கையா. மறுமுனையில், அவனிடம் பேசச் சொல்லி அவள் அழைத்திருந்த, சமூகப்பணி படிக்கும் ஜெனிபாவின் திரையில் கூரையும் சுழலும் மின்விசிறியும் மட்டும்தான். ‘மனமுடைந்தவர்கள் தாங்களாகப் பேசட்டும், மௌனத்தைக் கலைக்காதே’ என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஜெனிபா திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

“ஏதாச்சும் பேசும்மா!” வெளியிலிருந்து ருக்கையா கதறினாள்.

ஜெனிபா பேசவில்லை.

மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம். ஜெனிபா கத்திவிட வாயைத் திறந்தாள். திரையில் ஒரு முகம் குனிந்தது.

“ஃபேன் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலக்கா. மொதல்லேருந்து சொல்லுங்க.”