கிள்ளக் கூடாது

“படிடி, இன்னொரு வாட்டி படி” என்றாள் வெங்கடம்மா.

தாட்சாயணி தன் தாய்மாமன் கோவர்த்தனனின் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தாள். “முகப்பரு எதனால் வருகிறது, எதைத் தடவ வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது, எத்தனை மாதத்தில் போகும் என்று நல்ல டாக்டராகப் பார்த்துக் கேட்டு, விவரமாக எழுதவும்.” அவ்வளவுதான். சௌக்கியமா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. வாத்தியார் கடிதம் அப்படித்தான் கறாராக இருக்கும் என்று தாயும் மகளும் சமாதானம் செய்துகொண்டார்கள்.

“எந்தம்பிக்கு உம்மேல இன்னா கரிசனம் பாத்தியா!” வெங்கடம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாட்சாயணி பிறந்த அன்றே அவள் கோவர்த்தனனுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அவனுக்குத் திருத்தணிப் பக்கம் பள்ளிக்கூட வேலை கிடைத்த வருஷம், இவளுக்கு முகமெல்லாம் பரு வெடித்தது. போன பொங்கலுக்கு வந்தபோது வெங்கடம்மா கல்யாணப் பேச்சை எடுத்தாள். அவன் கூரை வாரையைப் பார்த்தபடி பதில் சொன்னான்.

“மொதல்ல மூஞ்சி தெளியட்டுங்க்கா. நம்ம ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் தெரியல. ரெண்டும் ஒரு நெலைக்கு வரட்டும்.”

எல்லையைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். முகத்தை இவளல்லவா பார்த்துக்கொள்ள வேண்டும்? வேர்க்கடலையை விட்டாள், மாம்பழத்தை விட்டாள். விடிந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே எச்சிலைத் தடவினாள். திருப்பதி நாமக்கட்டியை இழைத்து இழைத்துப் பூசிக்கொண்டு, வீட்டுக்குள் வெள்ளைப் பூதமாகத் திரிந்தாள். தெருப் பெண்களோ, “ஆம்பள நெனப்பு ஜாஸ்தி, அதான் மூஞ்சில பூக்குது” என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

கடிதம் வந்த மறுநாளே இருவரும் ரயிலேறிப் புத்தூர் போனார்கள். கை கால் முறிந்தவர்கள் நாலு திசையிலிருந்தும் வந்து கட்டுப் போட்டுக்கொள்கிற ஊர் அது. முகப்பருவுக்காக வந்திறங்கியவள் அன்றைக்கு இவள் ஒருத்திதான்.

“என்னது, நெனப்புனால வருதுன்னா சொன்னாங்க?” என்று லேடி டாக்டர் திருப்பிக் கேட்டாள். “நெனப்புல பரு வந்தா, இந்த ஊர் ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மூஞ்சியே மிஞ்சாது!”

பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். “இந்த வயசுல ஒடம்பு வளர்றப்ப, தோலுக்குள்ள எண்ணெய் அதிகமா ஊறும்மா. அது வெளிய வர்ற சின்னத் துவாரம் அடைச்சிக்கிட்டா, உள்ளயே சீழ் கோத்துக்கும். உன் தப்பு இதுல ஒண்ணுமில்ல. தலையெண்ணெய நெத்தியில வழிய விடாத. ரெண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவு. முக்கியமா கிள்ளாத. கிள்ளினா தழும்பு நின்னுடும்.”

அன்று சாயங்காலமே தாட்சாயணி எழுத உட்கார்ந்தாள். நோட்டுத் தாளில் நாலு பக்கம். டாக்டர் போட்ட படத்தையும் பார்த்து வரைந்தாள். ‘கிள்ளக் கூடாது’ என்பதன் கீழே சிவப்பு மசியில் இரண்டு கோடு போட்டாள். மாமனுக்கு அவள் எழுதிய முதல் கடிதம் அது. காதல் கடிதம் என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும், அவளைப் பொறுத்தவரை அதுதான்.

பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. “விவரம் கிடைத்தது. மிகவும் உபயோகமாயிருக்கிறது.” அந்தக் கார்டை அவள் பெட்டியில் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. வலது கன்னத்தில் மட்டும் முன்பு கிள்ளிய தழும்பு ஒன்று. எல்லைத் தகராறும் முடிந்தது. திருத்தணி மெட்ராஸோடு போயிற்று, இவர்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. மாமன் சொன்ன இரண்டுமே ஒரு நிலைக்கு வந்துவிட்டதால், வெங்கடம்மா கூறைப்புடவை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கோவர்த்தனன் எழுதியிருந்தான். தாட்சாயணி நாலு தடவை முகம் கழுவினாள். வாசலில் வண்டி நின்றதும் சொம்பில் தண்ணீரோடு ஓடினாள்.

மாமன் இறங்கினான். அவன் பின்னாலேயே, மஞ்சள் கயிறு காயாத ஒரு பெண் தலையைக் குனிந்தபடி இறங்கினாள்.

“யார்ரா இது?” என்றாள் வெங்கடம்மா.

“இவ மல்லிகா, அக்கா. கூட வேல செய்யற வாத்தியார் பொண்ணு. கலியாணம் திடீர்னு முடிஞ்சிடுச்சி.” அவன் இப்போதும் கூரையைத்தான் பார்த்தான். “நான் மெட்ராஸ் பக்கம் ஆயிட்டேன், நீங்க இந்தப் பக்கம். அதான்…”

தாட்சாயணி சொம்பைத் திண்ணையில் வைத்தாள். இத்தனைக்குப் பிறகும் தன் முகத்தில் என்ன குறை என்று அந்தப் பைத்தியக்காரப் பெண் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது மல்லிகா தலையை நிமிர்த்தினாள். நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் பருக்கள், வாடி உதிர்கிற பருவத்தில். சிரித்த முகமாக வந்து தாட்சாயணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதானே தாட்சாயணி? உன் காயிதத்த நான் தலமாட்டுலயே வச்சிக்கினு கீறேன். செவப்புல ரெண்டு கோடு போட்டிருந்தியே, அன்னியிலேர்ந்து நான் கிள்ளவே இல்ல!”