ஆறாவது காரணம்

நோயாளிகள் சொன்ன தேதிக்கு ஏன் வருவதில்லை? ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து மூன்று வருடமாக இதை ஆராய்கின்றன. தேதி குறிப்பது, நினைவூட்டுவது, கையைப் பிடித்து இழுக்காத குறையாக வரவழைப்பது எல்லாம் ஒருங்கிணைப்பாளர் அக்காவின் வேலை.

இன்று பத்து மணிக்கு வரவேண்டியவர்களில் ஒருவரையும் காணோம். அக்கா ஃபோனை எடுத்தாள்.

"இன்னிக்கா? நாளைக்குன்னுல்ல நெனச்சேன்!"

"வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்கம்மா."

"மழை வர்ற மாதிரி இருக்கே..."

நான்காமவர் எடுக்கவே இல்லை. ஐந்தாமவர், "மத்தவங்க வந்ததும் சொல்லுங்க, கிளம்பிடறேன்" என்றார்.

'ஃபோனை எடுக்கவில்லை' என்பது உட்பட அக்கா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். அதற்குள் தலைமை டாக்டரே ஃபோனில் வந்தார்.

"இன்னிக்கு அறிக்கை போகலேன்னா ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்கம்மா. காரணம் ஏதாவது கிடைச்சுதா?"

"இப்பத்தான் அஞ்சு கிடைச்சுது சார்." வாசித்தாள்.

"பிரமாதம்! திருந்தாத ஜென்மங்க. யாரு இந்த நோயாளிங்க?"

"நோயாளிங்க எல்லாரும் நேத்தே கரெக்டா வந்துட்டுப் போயிட்டாங்க சார். இவங்க இன்னிக்கு அறிக்கையில கையெழுத்துப் போட வரவேண்டிய நம்ம டாக்டருங்க."

"அடடா, அவங்களா? பாவம், ஏதாவது வேலை இருந்திருக்கும்மா."

"நீங்களும் பத்து மணிக்கு வர்றதாத்தானே சார் இருந்தது?" என்ற அக்கா பேனா மூடியைத் திறந்தாள். "சொல்லுங்க, எழுதிக்கறேன்."